லினக்ஸ் லேப்டாப்ல வைஃபை கார்டு மாத்தி நாலு வருஷம் ஆச்சு

2021ல என் ஏஎம்டி ரைசன் பிராசசர் லேப்டாப்ல உபுண்டு 20.04ங்கிற லினக்ஸ் போட்டேன், எல்லாம் ஓடுச்சு, வைஃபை மட்டும் வரவே இல்ல. உள்ள இருந்த வைஃபை சிப்புக்கு அதோட 5.4 கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) டிரைவரே, அதாவது சிப்ப ஓட்டுற சாஃப்ட்வேரே, கிடையாது. அவசரத்துக்கு யுஎஸ்பில சொருகுற ஒரு வைஃபை டாங்கிள் வாங்கினேன். பெட்டி மேல லினக்ஸ் சப்போர்ட்னு போட்டிருந்துச்சு, ஆனா டிரைவரோட கோட நாமளே இறக்கி கம்பைல் பண்ணணும், அதாவது நம்ம கெர்னலுக்கு ஏத்த மாதிரி ஓடுற புரோகிராமா மாத்தணும். சரின்னு பண்ணேன். அப்புறம் கெர்னல் அப்டேட் வந்து ரீபூட் பண்ணா டாங்கிள் வேலை செய்யாது, திரும்ப கம்பைல் பண்ண நெட் வேணும், நெட்டுக்கு டாங்கிள் வேணும், கடைசில செல்போன கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டு, அதோட நெட்ட எடுத்துதான் சரி பண்ணுவேன். ஒருநாள் ஒம்பது மணி மீட்டிங்குக்கு எட்டே முக்காலுக்கு இந்த வேலைய பார்த்துட்டு இருந்தேன், அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், உள்ள இருக்கிற கார்டயே மாத்திடலாம்னு.

தேடிப் பார்த்தப்போ ஒண்ணு புரிஞ்சுது. பெட்டில இருக்கிற பேர வச்சு எதுவும் சொல்ல முடியாது, சிப்பு நம்பர்தான் பார்க்கணும், அதோட டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்கான்னு பார்க்கணும். லினக்ஸ்காரங்க தேடித்தேடி வாங்கின ஒரு டாங்கிள்ல வெர்ஷன் 1க்கு ஏஆர்9271 சிப்பு, சொருகினா ஓடும். அதே மாடல் பேர்லயே வந்த வெர்ஷன் 2ல சிப்பே வேற.

நான் எடுத்தது இன்டெல் ஏஎக்ஸ்200, கெர்னல் 5.1லேர்ந்தே சப்போர்ட் இருக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கேட்டா ஏஎக்ஸ்201 எடுத்துக் குடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது புதுசு"ன்னாங்க. ஒண்ணு கிடையாதுங்க. 201ல பாதி வேலைய இன்டெல் பிராசசர் பக்கம்தான் பார்க்கும், ஏஎம்டி லேப்டாப்ல மாட்டினா கார்டு இருக்கிறதே தெரியாது. ஸ்லாட்ல ரெண்டுமே ஒரே மாதிரி உட்காரும், அதான் ஏமாத்தும். ஸ்டிக்கர்ல 200ன்னு இருக்கான்னு படிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

மாட்டுறது ஒரே ஒரு ஸ்க்ரூ தான். ஆனா ஆன்டெனா கனெக்டர் கடுகு சைஸ்ல இருக்கும், நேரா வச்சு நகத்தால அழுத்தினா டிக்னு ஒரு சின்ன சத்தம் வரும், அது வரலன்னா உட்காரலன்னு அர்த்தம், சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். (சில பழைய லேப்டாப்ல பயாஸே, அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற புரோகிராமே, வேற கார்ட ஏத்துக்காது, அத முதல்ல விசாரிச்சுடுங்க.) ஆன் பண்ணி டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ கமாண்ட் (உள்ள இருக்கிற கார்டுகள பட்டியல் போடும்) அடிச்சேன், ஏஎக்ஸ்200ஓட ஐடி 8086:2723னு வந்துச்சு, கீழ ஐடபிள்யூஎல்வைஃபைன்னு டிரைவர் பேரு. பாஸ்வேர்டு போட்டதும் கனெக்ட் ஆயிடுச்சு. அவ்ளோ நிம்மதி!

அதுக்கப்புறம் 22.04, இப்போ 24.04, கெர்னல் 5.15 போயி 6.8 வந்தாச்சு, டிரைவருக்காக ஒருதடவ கூட டெர்மினல் தொறக்கல. வீட்டு ரூட்டர் பழைய வைஃபை 5 தான், அதுலயே லிங்க் ஸ்பீடு 866 எம்பிபிஎஸ் காட்டுது. ப்ளூடூத்தும் இதே கார்டுதான், ஹெட்செட் பிரச்சனை இல்லாம ஓடுது. நான் கை வச்சது ஒரே ஒரு செட்டிங். பேட்டரில இருக்கும்போது வீடியோ கால் லேசா திக்குச்சு, நெட்வொர்க்மேனேஜர்ல (நெட் கனெக்ஷன பார்த்துக்கிற புரோகிராம்) வைஃபை பவர்சேவ் 3ன்னு, அதாவது ஆன்ல, இருந்தத 2 ஆக்கி ஆஃப் பண்ணேன், அதோட நின்னுடுச்சு.

அந்த டாங்கிள தூக்கிப் போடல, அக்கா பையனோட விண்டோஸ் கம்ப்யூட்டர்ல இன்னும் நல்லாவே ஓடுது.