கூகுள் காலண்டரா, புரோட்டான் காலண்டரா?

ஒரு இணையப் பக்கம் அழகா இல்லையா என்பதை மனசு 50 மில்லி விநாடிக்குள் முடிவு செய்துவிடுகிறது என்று 2006-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கண் இமைக்கக்கூட அதைவிட அதிக நேரம் பிடிக்கும்!

நாட்காட்டிச் செயலி தேடியபோது, அந்த நொடியில் என்னை இழுத்தது தனியுரிமையை முன்னிறுத்தும் புரோட்டான் நிறுவனத்தின் காலண்டர்தான். ஊதா நிறம், தாராளமான வெற்றிடம், தனியுரிமை பற்றிய பெரிய எழுத்துகள். கூகுளில் அந்த வரவேற்பெல்லாம் கிடையாது. கணக்கு இருந்தால் நேராக அட்டவணைக்குள் தள்ளிவிடும்.

சரி, உள்ளே போய்ப் பார்ப்போம். புரோட்டானில் நிகழ்வின் தலைப்பு, இடம், குறிப்பு எல்லாம் பிறர் படிக்க முடியாதபடி உங்கள் கருவியிலேயே பூட்டப்படுகின்றன. சாவி அந்த நிறுவனத்திடம் இல்லை. மருத்துவரைப் பார்க்கும் நாள் போன்றவற்றுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதே பூட்டினால், ஐபோனோடு வரும் காலண்டர் செயலியில் அந்த நிகழ்வுகளைத் திருத்த முடியாது. புரோட்டானின் செயலியையே திறக்க வேண்டும்.

கூகுளில் இந்தத் தொல்லை இல்லை. ஜிமெயிலுக்கு வரும் விமான டிக்கெட் தானாகவே நாட்காட்டியில் ஏறிவிடும். வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள் (என் வீட்டிலும்தான்).

குடும்ப வேலைகளுக்கு கூகுள், சொந்த விஷயங்களுக்கு புரோட்டான் என்று வைத்திருக்கிறேன். இரண்டிலும் நிகழ்வுகளை ஐசிஎஸ் கோப்பாக (நாட்காட்டிகளுக்கான பொது வடிவம்) ஏற்றவும் இறக்கவும் முடியும் என்பதால், மனம் மாறினால் மூட்டை கட்டுவது எளிது.