ஈரல் புற்றுக்கு ஊசிவழிச் சிகிச்சை: ராகமவா, சென்னையா, சிங்கப்பூரா?

ஈரலில் கட்டி என்று ஸ்கான் றிப்போட் வந்த அன்றைக்கே வன்னி வீடுகளில் "சென்னைக்குக் கொண்டு போவமா?" என்ற பேச்சு தொடங்கிவிடும். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்பத் தயாராக நிற்பார்கள். பலாலியில் ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை. அந்த அவசரம் அக்கறையில் வருவது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாட்டைத் தெரிவதற்கு முன் மூன்று விடயம் தெரிந்திருக்க வேண்டும்: கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, மிச்ச ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது. இவை தெரியாமல் விமானம் ஏறியவர்கள் அங்கே முதல் வாரம் முழுவதையும் பரிசோதனைக்கே செலவழிக்கிறார்கள். அதே பரிசோதனையை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ முடித்துக்கொண்டு போகலாம்.

பயணத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வயிற்று அல்ட்ராசவுண்ட் மட்டும் போதாது. நரம்பில் மருந்து ஏற்றி, நாடிக் கட்டம், போர்ட்டல் நாளக் கட்டம் (குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாளம்), தாமதக் கட்டம் என்று தனித்தனியாக எடுக்கிற சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டும். ஈரலில் தொடங்கிய புற்று நாடிக் கட்டத்தில் பளிச்சென்று தெரியும், பிந்திய கட்டத்தில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகும். சிரோசிஸ் (ஈரல் வடுப்பட்டு இறுகுகிற நோய்) உள்ளவரிடம் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் சதைத்துண்டு எடுத்து (பயொப்சி) பார்க்காமலே நோயை உறுதிசெய்யலாம். கட்டியில் ஊசி குத்தினால் ஊசி போன வழியில் புற்றணு விதைபடுகிற ஆபத்து சிறிதளவு உண்டு. ஆகவே சிகிச்சை செய்யப்போகிற குழு படத்தைப் பார்க்கும் முன் பயொப்சிக்கு அவசரப்பட வேண்டாம். ஏஎஃப்பி என்ற இரத்தப் பரிசோதனை சாதாரணமாக வந்தாலும் புற்று இல்லை என்று ஆகாது. மறுபுறம், ஈரலில் தெரிகிற கட்டி எல்லாம் ஈரல் புற்றும் அல்ல. தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டி இருக்கலாம், குடலிலிருந்து பரவியதாகவும் இருக்கலாம். குடலிலிருந்து வந்ததென்றால் சிகிச்சைப் பாதையே வேறு.

படத்தை இறுவட்டில் டைகொம் (கணினியில் திறக்கிற முழு மூலப்படம்) வடிவில் கேட்டு வாங்குங்கள். பிலிமும் ஒரு பக்க றிப்போட்டும் வைத்து எந்த நாட்டு வைத்தியரும் ஊசியின் பாதையைத் திட்டமிட முடியாது. படமும் அண்மையதாக இருக்க வேண்டும். பழைய படத்தோடு போனால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

மிச்ச ஈரலின் பலத்தை சைல்ட்-பியூ என்ற புள்ளிக் கணக்கால் அளப்பார்கள். பிலிருபின் (மஞ்சள் நிறப்பொருள்), அல்புமின் (இரத்தப் புரதம்), ஐஎன்ஆர் (இரத்தம் உறைகிற அளவு), வயிற்றில் நீர், மூளைத் தடுமாற்றம் என்ற ஐந்துக்கும் ஒவ்வொன்றுக்கு 1 முதல் 3 புள்ளி. மொத்தம் 5-6 என்றால் ஏ, 7-9 பி, 10-15 சி. இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வரும். எங்கள் ஆய்வுகூடங்கள் பிலிருபினை மைக்ரோமோல் அளவில் தருகின்றன, இந்தியாவில் மில்லிகிராம் அளவில் பேசுவார்கள். 17-ஆல் வகுத்தால் சரி: 34 மைக்ரோமோல் அங்கே 2, 51 என்றால் 3. அல்புமின் 35 என்று இங்கே எழுதியது அங்கே 3.5. இது தெரியாமல் "பிலிருபின் 30 ஆம்" என்று தொலைபேசியில் சொல்லி வீட்டையே கலங்கடித்தவர்கள் உண்டு. 30 மைக்ரோமோல் என்பது 2-க்கும் குறைவு.

சைல்ட்-பியூ சி ஆகி, மாற்று ஈரலுக்கும் வழியில்லை என்றால் கட்டியை ஊசியால் சுட்டு அழிப்பதால் ஆயுள் கூடாது. ஈரல்தான் முந்தித் தளரும். அந்த நிலையில் நோயாளியைக் கடல் கடத்திக்கொண்டு போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வயிற்று நீர், வலி, தூக்கம், சாப்பாடு ஆகியவற்றைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒழுங்காகப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்கிற நல்ல சிகிச்சை.

எந்த முறை, எத்தனை தடவை

தோலின் ஊடாக ஊசி செலுத்திக் கட்டியைச் சுடுவது முதல் முறை. கட்டி 3 செ.மீ.க்குள், மூன்றுக்கு மேற்படாமல் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். கட்டியோடு சுற்றிவர 5 முதல் 10 மில்லிமீற்றர் நல்ல ஈரலும் சேர்ந்து கருக வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் திரும்ப முளைக்கும். ரேடியோ அலை, மைக்ரோவேவ் என்று இரண்டு வகை. கட்டிக்குப் பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடினால் ரேடியோ அலையின் வெப்பத்தை இரத்தம் அள்ளிக்கொண்டு போய்விடும், அந்தப் பக்கம் அரைவேக்காடாக நின்றுவிடும். மைக்ரோவேவ் விரைவாகவும் கூடிய சூட்டிலும் சுடுவதால் அந்த இடர் குறைவு. குடலோ பித்தப்பையோ ஒட்டியிருந்தால் இடையில் திரவம் ஏற்றித் தள்ளிவைத்துச் சுடுவார்கள். ரேடியோ அலைக்கு அந்தத் திரவம் 5 வீத டெக்ஸ்ட்ரோஸாக இருக்க வேண்டும், ஏனென்றால் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இந்தக் கைவித்தை தெரிந்த வைத்தியர் இருக்கிறாரா என்பது இயந்திரத்தின் மாதிரியைவிட முக்கியம். பிரச்சினை இல்லாத இடத்துக் கட்டியென்றால் ஒரே அமர்வு, ஓரிரு நாளில் வீடு.

இரண்டாவது ரேஸ் (TACE). தொடை அல்லது மணிக்கட்டு நாடியால் மெல்லிய குழாயை ஈரலுக்கு விட்டு, கட்டிக்குப் போகிற கிளையில் புற்று மருந்தைச் செலுத்தி அந்தக் கிளையை அடைப்பது. நல்ல ஈரலுக்கு முக்கால்வாசி இரத்தம் போர்ட்டல் நாளத்தால் வருகிறது, கட்டியோ பெரும்பாலும் நாடி இரத்தத்தில் வாழ்கிறது. அதனால்தான் இது சாத்தியம். போர்ட்டல் நாளத்தின் அடிமரமே அடைபட்டிருந்தால் இதைச் செய்வது ஆபத்து. பல கட்டிகள், அல்லது சுட முடியாத பெரிய கட்டி உள்ளவர்களுக்கு இதுதான் வழமை. பிறகு சில நாள் காய்ச்சல், விலாவலி, சத்தி வரும், அது எதிர்பார்த்ததே. ரேஸ் ஒரு தடவையோடு முடிவது அரிது. 4 முதல் 6 கிழமையில் படம் எடுத்து, கட்டியில் உயிருள்ள பகுதி மிச்சம் இருந்தால் திரும்பச் செய்வார்கள். இரண்டு தடவை செய்தும் கட்டி அசையாவிட்டால் மூன்றாவதைக் கேட்காமல் வேறு வழிக்கு மாறுவதே நியாயம்.

மூன்றாவது, இட்ரியம்-90 கதிர்மணிகளை (கதிர்வீச்சு வீசும் நுண்மணிகள்) அதே நாடி வழியாக விடுவது. இதற்கு இரண்டு அமர்வு. முதலில் ஒத்திகை அஞ்சியோகிராம் செய்து, மணிகள் நுரையீரலுக்கு எவ்வளவு ஒழுகும் என்று அளப்பார்கள். ஓரிரு கிழமை கழித்து உண்மைச் சிகிச்சை. ஒழுக்கு கூடுதலாக இருந்தால் சிகிச்சையே நடக்காது. அந்தச் செலவோடு திரும்பி வர வேண்டியதுதான். மருந்தின் அரை ஆயுள் 64 மணித்தியாலம், அதற்குள் வீரியம் பாதியாகிவிடும்; நோயாளிக்கென்று நாள் குறித்து வரவழைப்பது. விமானம் தவறி நாளைக் கோட்டைவிட்டால் மருந்து வீண். விலை அதிகம் என்பதால் இது மேலானது என்று பலர் நம்புகிறார்கள். ஆசிய பசிபிக் நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான சிர்வெனிப் ஆய்வு, முற்றிய ஈரல் புற்றில் இந்தக் கதிர்மணியையும் சொராபெனிப் என்ற புற்று மருந்துக் குளிசையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. கதிர்மணியில் பக்கவிளைவு குறைந்தது, ஆயுள் கூடவில்லை.

சிறுதுளைச் சத்திரசிகிச்சை, ஈரலின் விளிம்பில் உள்ள தனிக் கட்டிக்கும் பலமான ஈரலுக்கும் பொருந்தும். பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கி மண்ணீரலும் வீங்கியிருந்தால் பெரும்பாலும் மறுப்பார்கள்.

இடங்களை எடைபோட்டால்

எங்கள் தீர்ப்பு இது: ஒரே தடவையில் முடிகிற சிகிச்சைக்கு வெளிநாடு போகலாம், திரும்பத் திரும்பச் செய்கிற சிகிச்சைக்குப் பக்கத்தில் இருப்பதே பலம்.

ஆகவே ரேஸ் என்றால் ராகம போதனா வைத்தியசாலையின் ஈரல் பிரிவையோ கொழும்பு தேசிய வைத்தியசாலையையோ முதலில் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் அல்லது யாழ் போதனாவில் பார்க்கிற வைத்தியரின் கடிதத்தோடு போவது வசதி. வடக்குப் பாதை ரயில்கள் ராகம வழியாகத்தான் ஓடுகின்றன. ஏறுகிற ரயில் அங்கே நிற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைகளும் உண்டு. காத்திருக்க வேண்டும். விடுதியில் சிங்களம் தெரியாத ஆள் தனித்துப்போவார், அதனால் மொழி தெரிந்த ஒருவர் கூட நிற்பது அவசியம். நாள் தள்ளிப்போகிறது என்றால் கட்டியின் அளவைச் சொல்லி, எவ்வளவு காலம் தாங்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். தனியாரில் செய்ய நினைத்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

சென்னையும் வேலூரும் மூன்று இடத்தில் முந்துகின்றன: கடினமான இடத்தில் உள்ள சிறிய கட்டியைச் சுடுவது, கதிர்மணி, மாற்று ஈரல் பற்றிய ஆலோசனை. குரோம்பேட்டை ரேலா, கிரீம்ஸ் வீதி அப்பலோ, வேலூர் சிஎம்சி போன்றவற்றில் ஈரல் வைத்தியர், சத்திரசிகிச்சையாளர், கதிரியக்க வைத்தியர் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். நோயாளி தன் வாயாலேயே தமிழில் கேட்கலாம். இது சின்ன விடயம் இல்லை. பணம்தான் பிசகுகிற இடம். வெளிநாட்டு நோயாளிக்கு வேறு கட்டணப் பட்டியல் வைத்திருக்கிற வைத்தியசாலைகள் உண்டு. மதிப்பீட்டுக் கடிதம் வந்ததும் எழுத்தில் கேளுங்கள்: சுடுகிற ஊசி ஒரு தடவைக்கு மட்டுமானது, எத்தனை ஊசி சேர்த்திருக்கிறீர்கள்? மயக்க மருந்து, ஐசியூ இரவு, இரத்தம், ஒரு மாதம் கழித்து எடுக்கிற சரிபார்ப்புப் படம் உள்ளே அடங்குமா? இரத்தம் கசிந்து மேலதிக நாள் நின்றால் நாளுக்கு எவ்வளவு?

மாற்று ஈரல் என்றால் கடுதாசி வேலை பெரிது. ஈரல் கொடுப்பவர் நெருங்கிய உறவு என்பதைப் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களால் நிரூபிக்க வேண்டும், தூதரகச் சான்றும் வேண்டும். இறுதிப் போரில் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இதில்தான் மாதக்கணக்கில் இழுபடுகின்றன. பிரதேச செயலகத்தில் பிரதிகளை முன்கூட்டியே எடுத்து, அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிங்கப்பூருக்கு இலங்கையருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை, தரத்திலும் குறையில்லை. ஆனால் சுடுவதற்கும் ரேஸுக்கும் சென்னையில் செய்வதைவிட வேறாக அங்கே ஒன்றும் செய்வதில்லை. செலவோ பல மடங்கு. அங்கே வேலை பார்க்கிற பிள்ளை இருந்து, வீடும் இருந்தால் தவிர நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

போக்கும் வரவும்

கடவுச்சீட்டுக்கு வவுனியாப் பிராந்திய அலுவலகம் போதும், கொழும்பு போகத் தேவையில்லை. இந்திய மின்-மருத்துவ விசா 60 நாள், மூன்று தடவை நுழையலாம். துணைக்கு இருவர் உதவியாளர் விசாவில் போகலாம். வைத்தியசாலையின் வெளிநாட்டு நோயாளர் பிரிவு தருகிற கடிதமே ஆதாரம். இந்திய அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். இடைத்தரகர் யாரும் தேவையில்லை. சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கிற குளிசை குடிப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று எழுத்தில் வாங்குங்கள். தானாக நிறுத்த வேண்டாம். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் எடுப்பவர்கள் படத்துக்கு முன் கிரியற்றினின் (சிறுநீரகப் பரிசோதனை) அளவைக் காட்டுங்கள். உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் உண்டா என்று என்டோஸ்கோப்பியில் பார்த்து, வேண்டுமென்றால் வளையம் போட்டுவிட்டே பயணம்.

சுட்ட பிறகு நெஞ்சுக்கூட்டில் காற்றுப் புகுந்திருந்தால் அது முழுதாக அடங்கும்வரை விமானம் ஏறக்கூடாது. எக்ஸ்ரே பார்த்து, பறக்கலாம் என்ற சான்று வாங்குங்கள். கதிர்மணி பெற்றவர் விமான நிலையக் கதிர்வீச்சுமானி சத்தம் போட்டால் காட்டுவதற்கு வைத்தியசாலைக் கடிதம் கையில் வைத்திருக்க வேண்டும். திரும்பும்போது காங்கேசன்துறைக் கப்பல் வேண்டாம். அலையில் சத்தி எடுக்கிற ஆளுக்கு நடுக்கடலில் இரத்தம் கசிந்தால் செய்ய ஒன்றுமில்லை.

ஈரல் புற்றுக்குச் சுடுவதோ வெட்டுவதோ செய்தபின் ஐந்து ஆண்டுக்குள் பத்துப் பேரில் ஏழு பேர் அளவுக்குத் திரும்ப வருகிறது. ஆகவே ஒரு மாதத்தில் ஒரு படம், பிறகு மூன்று மாதத்துக்கொரு படம். இதை யாழ்ப்பாணத்தில் எடுத்து, இறுவட்டிலுள்ள படத்தைச் சென்னைக்கு இணையவழி அனுப்பலாம். சுட்ட மறுநாள் எடுத்த படத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். கருகிய வடு எது, புதிதாக முளைத்தது எது என்று இங்குள்ள வைத்தியர் அதை வைத்துத்தான் பிரித்தறிவார்.

வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் வேண்டாம். சிரோசிஸ் ஈரலுக்கு அவை சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு நாலுக்கு மேல் போகக்கூடாது. காய்ச்சல் முதல் வாரத்தில் அடங்கி, பிறகு குளிரோடு திரும்பினால் சுட்ட இடத்தில் சீழ் கட்டியிருக்கலாம். கண் மஞ்சளானாலும், மலம் கறுத்தாலும், ஆள் பகலில் தூங்கி இரவில் உளறினாலும் 1990 அம்புலன்ஸை அழைத்துக் கிட்டிய மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். டயக்னோசிஸ் கார்ட், இறுவட்டு, குளிசைப் பட்டியல் மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். சீழா என்று பார்க்கச் சொல்லி, அன்ரிபயொட்டிக் தொடங்குமுன் இரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்க) எடுக்கும்படி கேளுங்கள்.