கற்பூரவள்ளியா, ஜி-9 வாழையா: வேலூர் வீட்டுத் தோட்டத்தில் எது தாங்கும்?

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து வாழை வைக்க இடம் இருப்பவர்கள் நர்சரிக்குப் போனால், சுலபமாகக் கிடைப்பது ஜி-9 (கிராண்ட் நைன்) என்ற ரகத்தின் திசு வாழைக் கன்று, அதாவது ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உருவாக்கியது. கற்பூரவள்ளி வாழையைத் தேடித்தான் வாங்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இரண்டையும் வளர்த்தோம். இப்போது இருப்பது கற்பூரவள்ளி மட்டும். அதனால் என் மனது எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

வெறும் கணக்குப் போட்டால் ஜி-9தான் ஜெயிக்கும். 11, 12 மாதத்தில் தார் வெட்டலாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வளரும், காற்றுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் தார் 25 கிலோவைத் தாண்டும். கற்பூரவள்ளிக்கு 14 முதல் 16 மாதம் பொறுக்க வேண்டும். 12 அடிக்கு மேல் போகும், தார் தள்ளியதும் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றும் கார்த்திகைப் புயல் காற்றும் முட்டில்லாத மரத்தை விடாது.

இருந்தும் நம் ஊரில் தீர்ப்புச் சொல்வது தண்ணீர். சொட்டுநீருக்குச் சொல்லும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் நாலு மாதம் மரத்துக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், அப்புறம் தார் தள்ளும்வரை 20, தள்ளிய பிறகு 25. ஐந்து மரம் என்றால் தினமும் 125 லிட்டர். வெயில் 40 டிகிரியைத் தாண்டி, போர் தண்ணீர் கீழே இறங்கிப்போகும் சித்திரை வைகாசியில் இந்தத் தண்ணீருக்கு எங்கே போவது?

ஆடியில் நட்ட ஜி-9 மாசி, பங்குனியில் தார் தள்ளும். அதாவது அதிகம் குடிக்கிற நேரமும் தண்ணீர் இல்லாத நேரமும் ஒன்றாக வந்துவிடும். அப்போது தண்ணீர் குறைந்தால் தார் கழுத்திலேயே சிக்கிக்கொண்டு முழுசாக வெளியே வராது. வந்தாலும் காய் விரல் மாதிரி நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் கோடையைக் கன்றாகவே கடந்துவிடுமே என்று கேட்கலாம். முதல் தாருக்கு அது சரி. அடுத்து வரும் பக்கக்கன்று அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, ஏதாவது ஒரு கோடையில் தாரோடு மாட்டிக்கொள்ளும்.

கற்பூரவள்ளியும் வாழைதான், அதற்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் ஒரு வாரம் குறைந்தால் இலை தொங்கும், வளர்ச்சி நிற்கும், தண்ணீர் கண்டதும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இன்றைய வாழை ரகங்களில் பெரும்பாலானவை மூசா அக்கியூமினாட்டா, மூசா பல்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழை இனங்களிலிருந்து வந்தவை. ஜி-9 முழுக்க முழுக்க அக்கியூமினாட்டா வழி வந்தது. கற்பூரவள்ளியில் பல்பிசியானாவின் பங்கு அதிகம். வறட்சி தாங்கும் குணம் அந்த வழியில்தான் வருகிறது.

உப்பும் இதே கதை. இங்கே பல தெருக்களில் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படியும். அந்தத் தண்ணீரில் ஜி-9 இலையின் ஓரம் சீக்கிரமே கருகத் தொடங்கியது. பக்கத்திலேயே நின்ற கற்பூரவள்ளியில் அவ்வளவு கருகல் இல்லை. அரிசி, காய்கறி கழுவின தண்ணீரை வாழைக்கு விடுங்கள். துணி துவைத்த சோப்புத் தண்ணீர் வேண்டாம், சோடியம் சேரும். சாம்பல் போடுகிற பழக்கத்தையும் உப்பும் காரமும் ஏறிய மண்ணில் நிறுத்துவது நல்லது. சாம்பல் மண்ணை இன்னும் காரமாக்கும். சாம்பல் சத்துக்கு (பொட்டாசியத்துக்கு) சல்பேட் ஆஃப் பொட்டாஷ் உரம் வாங்கிப் போடலாம். மியூரேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் உப்பு மண்ணுக்கு அது ஆகாது.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க, கன்றைவிடத் தாய் மரத்தைப் பாருங்கள். ஜி-9 தண்டில் கருப்பும் பழுப்புமாகத் திட்டுகள் இருக்கும், இலைக்காம்பின் மேல் பள்ளம் வாய் திறந்து அகலமாக இருக்கும். இளம் திசுக்கன்றின் இலையில் சிவப்புப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். கற்பூரவள்ளித் தண்டு ஏறக்குறைய சுத்தமான பச்சை, காம்பின் பள்ளம் ஓரங்கள் உள்ளே வளைந்து மூடினாற்போல இருக்கும், காயின் மேல் சாம்பல் பூசினது போன்ற பூச்சு. இதோடு குழம்புவது மொந்தன். அதன் காய் இன்னும் பருமன், முனைப்பான விளிம்புகளோடு இருக்கும், சமையலுக்கானது. இலைக்காம்பு ஓரமும் மட்டை ஓரமும் சிவந்திருந்தால் ரஸ்தாளி. இலையின் அடி நரம்பு இளசில் ரோஜா நிறமாக இருந்தால் பூவன்.

கற்பூரவள்ளிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது: வாடல் நோய். அடி இலை மஞ்சளாகி ஒடிந்து தொங்கும், தண்டின் அடி வெடிக்கும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக் கட்டையை வெட்டினால் செம்பழுப்பு வளையம் தெரியும். அந்தப் பூஞ்சணம் மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்கும். நம் ஊரில் வழக்கமாக வருகிற வகையை ஜி-9 தாங்கும், பூவனும் தாங்கும். ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவள்ளி தாங்காது. உங்கள் இடத்தில் ஏற்கெனவே ரஸ்தாளி அப்படிச் செத்திருந்தால் கற்பூரவள்ளி வைக்காதீர்கள். அங்கே பூவன் வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் பூவனைப் பக்கத்து வீட்டில் பார்த்ததுதான், சொந்தமாக வளர்த்ததில்லை.

கன்று தெரிந்த இடத்திலிருந்து வாங்குங்கள். இலை ஈட்டி போல ஒடுங்கி, கட்டை ஒன்றரை, இரண்டு கிலோ இருப்பதாகப் பாருங்கள். அகல இலை விட்ட கன்று வேண்டாம். ஒன்றரை அடிக் குழி, மரத்துக்கு மரம் ஆறடி. தார் தள்ளும்வரை பக்கக்கன்றுகளை மாதம் ஒருமுறை அறுத்துவிட்டு, அப்புறம் ஒன்றை மட்டும் விடுங்கள். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

ருசி அவரவர் நாக்கு. ஜி-9 நம் வெயிலில் தானாகப் பழுத்தால் தோல் பச்சையாகவே இருக்கும், தொட்டுப் பார்த்துத்தான் பழுத்தது தெரியும். கற்பூரவள்ளி பொன்னிறமாகப் பழுக்கும், தேன் போல இனிக்கும், எப்போதாவது ஒரு விதை பல்லில் படும். அதன் இலையில் சாப்பாடு போடலாம். ஜி-9 இலை சட்டென்று கிழியும். விற்பனைக்காகத் தோப்பு போடுகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் கிணறும் சந்தை விலையும்தான் முக்கியம்.