அளந்த பிறகே கை வைக்கும் மெஷின் ஷாப்

சுங்கை சிப்புட்டில் காடி ரிப்பேர் செய்யும் போர்மேன்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டை ஸ்கிம் செய்ய (சமமாகச் சீவ), சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கைப் போர் அடிக்க (துளைகளைக் கடைந்து பெரிதாக்க) என்றால் எங்கள் போர்மேன் ஈப்போவில் உள்ள மெஷின் ஷாப்புக்குத்தான் அனுப்புவார். எந்தக் கடைக்குப் போகிறது, அங்கே என்ன செய்தார்கள் என்பது காடிக்காரருக்குத் தெரிவதே இல்லை.

என்னுடையது பழைய புரோட்டோன் சாகா, 1.3 எஞ்சின். ரேடியேட்டர் ஒழுகி ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டது. இதில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் கூடுதலாக விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஹெட் வளைந்துவிடும். முதலில் போன கடையில் ஸ்கிம் செய்து தந்தார்கள். கொஞ்ச நாளிலேயே ரேடியேட்டரில் குமிழி வந்தது, ஹெட் சரியாகவில்லை.

"அண்ணே, இந்தத் தடவை நானும் வர்றேன்" என்று போர்மேனோடு வேறொரு கடைக்குப் போனேன். கடை முதலாளியான தவுக்கே சீனர், பேச்செல்லாம் மலாயில்தான். மெஷின் பக்கமே போகாமல், ஹெட்டின் மேல் நேர்க்கோலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு வளைவைப் பார்த்தார். அப்புறம் தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றை ஏற்றி, தொட்டியில் முக்கினார். இரண்டு வால்வுகளுக்கு நடுவிலிருந்து குமிழி வந்தது. விரிசல் விட்ட ஹெட்டைத்தான் முதல் கடை மினுமினுவென்று சீவிக் கொடுத்திருக்கிறது! பழைய சாமான் கடையில் வேறு ஹெட் வாங்கிக் கொடுத்தோம். அதையும் சோதித்த பிறகே வேலையைத் தொடங்கினார்.

பிளாக்கைக் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிஸ்டன் எங்கே?" 0.50 ஓவர்சைஸ் (அரை மில்லிமீட்டர் பெரியது) என்று பெட்டியில் போட்டிருப்பதை அவர் நம்புவதில்லை. பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போர் அடிப்பார். அந்த இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பிஸ்டனைப் பார்க்காமல் போர் அடிக்கும் கடைக்கு இனி நான் போவதாக இல்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை அளந்துவிட்டு, "கிரைண்டிங் வேண்டாம், பாலிஷ் போதும்" என்றார். வந்த காசை வேண்டாம் என்கிறாரே! எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காடி) எஞ்சினை வாங்கிப் பொருத்தச் சொன்னவர்களும் உண்டு. எஞ்சின் நம்பர் மாறினால் புஸ்பாக்கோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் சோதனை, ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு என்று அலைய வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரு சர்வீசுக்கும் அடுத்ததற்கும் நடுவே எஞ்சின் எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. ஏர்கோன் போட்டுக்கொண்டு மெனோரா சுரங்கத்து மேட்டில் ஏறினாலும் சூட்டு முள் நடுவைத் தாண்டுவதில்லை. ராக்கர் கவரில் லேசாக எண்ணெய் கசிகிறது, அது கேஸ்கெட் விவகாரம்.

குறை என்றால் தாமதம். கூலியும் முதல் கடையைவிடக் கூடுதல். வரிசையில் லோரி எஞ்சின்கள் கிடந்தால் சின்னக் காடிகள் காத்திருக்க வேண்டும். சீனப் பெருநாள் நெருங்கும்போது கொடுத்தால், பெருநாள் முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும்.