ஐந்து ரூபாய் ப்ரோக்கேஜ் வாங்கப் போகிறவர்கள் முதலில் எடை போடுங்கள்

போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் 6,500 ரூபாய் கொடுத்து 'ப்ரோக்கேஜ்' என்ற அச்சுப்பிழைக் காசு என்று நம்பி ஒரு போலியை வாங்கி ஏமாந்தேன். பழைய குப்ரோ நிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) ஐந்து ரூபாய், கனமாக இருக்குமே, அதுதான். ஒரு பக்கம் சிங்க முகம் வழக்கம்போல் புடைத்திருந்தது. மறுபக்கத்தில் 5 என்ற எண்ணுக்குப் பதிலாக அதே சிங்கம் குழிந்து, எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருந்தது.

உண்மையான ப்ரோக்கேஜும் இப்படித்தான் இருக்கும். அச்சடித்த காசு வெளியே விழாமல் எண் பக்கத்து அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெற்றுத்தகடு அந்தக் காசின் மேலேயே அடிபடும். அதனால் எண் விழவே விழாது.

காசு ஸ்டேபிள் அடித்த அட்டைக்குள் இருந்தது. மேலே பேனாவால் 'யுஎன்சி', அதாவது புழக்கத்துக்கே வராத காசு, என்று கிரேடு எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா மதிப்பு போயிடும் சார்" என்றார் கடைக்காரர். குழிந்த உருவம் மங்கலாக இருக்கிறதே என்றதற்கு, ஒட்டிய காசு பல தடவை அடிபட்டால் அப்படித்தான் வரும் என்றார். அது உண்மையும்கூட. அந்த ஒரு பதிலில்தான் நான் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்து, பத்து மடங்கு லென்ஸில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். குழிந்த பக்கம் முழுக்க ஒரே திசையில் மெல்லிய கோடுகள், அரம் போட்ட தடம். சிங்கத்தின் காலடியில் 5-இன் வயிற்று வளைவு நிழல்போலத் தெரிந்தது. திருப்பினால், புடைத்த சிங்கங்களின் மூக்கும் மார்பும் தட்டையாக நசுங்கியிருந்தன. விளிம்பின் நடுவில் ஓடும் பள்ளமும் ஓர் இடத்தில் பிதுங்கி மூடியிருந்தது.

மறுநாள் தெரிந்த நகைக்கடையில் எடை போட்டேன். இந்தக் காசுக்கு 9 கிராம் இருக்க வேண்டும். என் பையில் இருந்த தேய்ந்த காசே 8.95 காட்டியது. கண்காட்சியில் வாங்கியதோ 8.37. எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு, இன்னொரு காசை அதன்மேல் வைத்து வைஸில் (பட்டறையில் திருகி இறுக்கும் பிடிப்பான்) இறுக்கியிருக்கிறார்கள். ப்ரோக்கேஜில் உலோகம் எங்கும் போகாது, உருவம் மட்டும்தான் மாறும். எத்தனை தடவை அடிபட்டு மங்கியிருந்தாலும் எடை குறையக் காரணமே இல்லை.

காசை விற்றவருக்குப் போன் செய்தேன். "பார்த்துத்தானே சார் வாங்கினீங்க?" என்று வைத்துவிட்டார். பில்லை எடுத்துப் பார்த்தால் 'பழைய நாணயம் 1' என்று மட்டும் இருக்கிறது. ப்ரோக்கேஜ் என்ற சொல்லே இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. பத்து வருடமாகச் சேர்க்கிறேன், பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்று ஒருநாளும் படித்ததில்லை.

அட்டையில் பேனாவால் எழுதிய கிரேடு விற்பவரின் சொல் மட்டுமே, சான்றிதழ் அல்ல. பிழையின் பெயரையும், போலியென்றால் பணம் திரும்ப என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடுங்கள். உள்ளங்கை அளவு டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்புறம் ஒரு விஷயம்: அந்த மேசையில் அன்று இதே மாதிரி இன்னும் மூன்று காசுகள் இருந்தன. மூன்றும் ஸ்டேபிள் அடித்த அட்டைக்குள்தான்.