115 கிலோவுக்கு ஒரு சைக்கிள் சீட்

குண்டான ஆள் கடைக்குள் நுழைந்து சீட் கேட்டால், எந்தக் கடையாக இருந்தாலும் முதலில் எடுத்து நீட்டுவது ஜெல் வைத்த அகல சீட்டைத்தான். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விரல் அப்படியே புதையும். "உங்களுக்கு இதாண்ணே சரி" என்பார்கள். வாங்காதீர்கள். நான் 115 கிலோ. அந்த மெத்தையில் உட்கார்ந்தால் பிட்டத்தில் நம் எடையைத் தாங்கும் இரண்டு பக்கத்து எலும்பும் அடித்தட்டு வரை இறங்கிவிடுகிறது. ஒதுங்கிய ஜெல் எல்லாம் நடுவில் மேலே எழும்பி, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்துகிறது. அரை மணி நேரத்தில் மரத்துப்போகும். எது என்று எழுத வேண்டியதில்லை, ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

முட்டிக்காகவும் சர்க்கரைக்காகவும் சைக்கிள் ஓட்டச் சொல்லும் டாக்டர்கள் யாரும் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. பாதிப் பேர் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, இந்த வலிதான் என்பது என் கட்சி.

சீட் பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் வரும் வரி வரியான அட்டை ஒரு துண்டு போதும். அதை மரப் பெஞ்சில் போட்டு, முதுகைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கால்களைத் தூக்கியபடி நன்றாக அழுந்த உட்கார வேண்டும். எழுந்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவு வரை அளக்க வேண்டும். எனக்கு 14 செ.மீ. வந்தது. என் மனைவியும் உட்கார்ந்து பார்த்தாள். என்னில் பாதி எடைதான், அவளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. எடை கூடினாலும் எலும்புக்கு நடுவே உள்ள தூரம் கூடாது. அதனால் குண்டு என்பதற்காக மட்டும் அகல சீட் வாங்குவதில் அர்த்தமில்லை.

அகலத்தை முடிவு செய்வது உட்காரும் வாட்டம். ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்டுபவருக்கு எடையின் ஒரு பங்கு கைக்கும் காலுக்கும் போய்விடும், ஒடுக்கமான சீட்டே போதும். எனக்கு வயிறு இடிக்கும், குனிய முடியாது. ஹேண்டில்பாரை சீட் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து நிமிர்ந்துதான் ஓட்டுகிறேன். எடை முழுக்க பின்னால். அப்படி ஓட்டுபவருக்குக் குழி அளவைவிட ஐந்தாறு செ.மீ. கூடுதலான சீட், கெட்டியான மேல்பாகம், கீழே ஸ்பிரிங், மூன்றும் வேண்டும்.

இந்த மூன்றும் அமைந்த சீட்டாக நான் கடைசியில் வந்து நின்றது புரூக்ஸ் பி67. 1866ல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. இப்போது இத்தாலியின் செல்லே ராயல் கையில் இருந்தாலும், தோல் சீட்டை அதே ஊர்ப் பக்கம்தான் செய்கிறார்கள். தடித்த மாட்டுத்தோல், அதை முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் ரிவெட் அடித்து இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பின்பக்கம் இரண்டு தடித்த சுருள் ஸ்பிரிங். அகலம் சுமார் 21 செ.மீ. நடுவில் பஞ்சோ ஜெல்லோ எதுவும் கிடையாது. லண்டனில் இருக்கும் அக்கா மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்து தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது கட்டையாட்டம் இருக்கே, இதுல உக்காந்தா வலிக்காதா?" என்றான்.

புதிதில் அவன் சொன்னது சரிதான். கயிற்றுக்கட்டில் மாதிரி யோசித்துப் பாருங்கள். புதுக் கட்டில் விறைப்பாக இருக்கும், படுக்கப் படுக்க உடம்புக்குத் தக்கபடி இறங்கும், ரொம்பத் தொய்ந்தால் கயிற்றை இழுத்துக் கட்டுவோம். இதிலும் மூக்குப் பக்கம் அடியில் ஒரு நட்டு இருக்கிறது. தோல் தொய்ந்தால் அதைத் திருகி இழுக்கலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது, தோல் கிழியும். புதுசிலேயே கைவைக்கவும் வேண்டாம். கொஞ்ச நாள் ஓட்டியதும் எலும்பு உட்காரும் இரண்டு இடத்திலும் லேசான பள்ளம் விழும். நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு: 60 கிலோ ஆளைவிட நமக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது. வாழ்க்கையில் எடை கைகொடுத்த இடம் எனக்கு வேறு ஞாபகம் வரவில்லை.

இதே சீட்டின் அண்ணன் பி66. மேலே எல்லாம் ஒன்றுதான், அடியில் இரட்டைக் கம்பி. சீட்டைத் தாங்கும் பழைய காலத்து நேர்க் குழாயில் தனியாக ஒரு கிளாம்ப் (பிடிப்பான்) போட்டு மாட்டுவதற்கானது. இன்றைய சைக்கிளுக்கு பி67தான் பொருந்தும். மாற்றி வாங்கிவிட்டுத் திண்டாடாதீர்கள். இன்னும் கனத்த உடம்புக்கு, கிராமத்து டபுள் பார் சைக்கிள் வகைக்கு, பி33 என்று ஒன்று உண்டு. அது பார்க்கவே மாட்டு வண்டிக்குச் செய்தது போலத்தான்; நான் ஓட்டியதில்லை.

சரி, சீட் வந்தாயிற்று. ஆனால் 115 கிலோவைத் தாங்குவது சீட் மட்டும் இல்லை. என் சைக்கிளோடு வந்த சீட் பில்லரில், அதாவது சீட்டைத் தாங்கும் குழாயில், கிளாம்பைப் பிடிப்பது ஒற்றை போல்ட். அதன் பல் தேய்ந்திருந்தது. வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கியதும் சீட்டின் மூக்கு சடாரென்று வானத்தைப் பார்க்கும். எவ்வளவு முறுக்கினாலும் அடுத்த தெருவில் அதே கதை. கடைத்தெருவில் நாற்பது வருஷமாகச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் பெரியவர் ஒருவர், பழைய கிளாம்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, நகத்தால் சுரண்டிக் காட்டினார். பல் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. "ரெண்டு போல்ட் உள்ளதா வாங்கிக்கிட்டு வாங்க சார். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிக்கும், எங்கயும் போகாது." அப்படியே செய்தோம். 27.2 மி.மீ. பில்லர், நீளம் 350 மி.மீ. உங்கள் சைக்கிளுக்கு எந்த விட்டம் என்று பழைய பில்லரின் அடியில் பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். அரை மில்லி குறைந்தாலும் நம் எடைக்குக் கீழே வழுக்கிக்கொண்டே போகும். பில்லரில் ஒரு கோடும் போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. தெரிந்தால் ஃபிரேம் பிளக்கும், இல்லையென்றால் பில்லர் வளையும்.

பொருத்தும்போது இன்னொன்று. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீளும் உயரம்தான் சரி என்பார்கள். ஸ்பிரிங் சீட்டில் நாம் உட்கார்ந்ததும் ஒரு செ.மீ. போல அமுங்கும். எனவே ஆளை உட்காரவைத்துத்தான் அளக்க வேண்டும். மூக்கை மட்டத்தைவிட ஒரு துளி மேலே வைத்தால், முன்னால் சறுக்காமல் எலும்பு இரண்டும் தோலின் அகலமான இடத்தில் நிற்கும். பின் விளிம்பில் இரும்புச் சட்டமும் ரிவெட்டும் இருப்பதால் ரொம்பப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாலும் குத்தும்.

ஓட்டிப் பார்த்தது திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலையில். வழியெல்லாம் வாழைத்தோப்பு, காவேரி கரை, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாலையில் ஒட்டுப்போட்ட தார், ஊருக்கு ஊர் வேகத்தடை. பழைய சீட்டில் ஒவ்வொரு ஒட்டுக்கும் எழுந்து நின்று ஓட்டுவேன். இதில் ஸ்பிரிங் ஒரு அமுங்கு அமுங்கி நிமிர்ந்துவிடுகிறது, உட்கார்ந்தபடியே போகலாம். கல்லணையில் இறங்கி நடக்கும்போது மரப்பு இல்லை. தொடை உரசுவது மட்டும் இருக்கிறது, அதற்குச் சீட் பொறுப்பில்லை. கிளம்பும் முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். ஜீன்ஸ் போடாதீர்கள், நடுத் தையல் தடிப்பு எந்த சீட்டையும் கெடுக்கும்.

குறை என்றால், இந்த மாதிரித் தோல் சீட்டுகளுக்கே உள்ளவைதான். கனம், முக்கால் கிலோவுக்கு மேல். மழையில் நனையவே கூடாது, நனைந்த தோலில் உட்கார்ந்தால் இழுபட்டுத் தொங்கிவிடும். அதனால் பிளாஸ்டிக் பை ஒன்று எப்போதும் சீட்டுக்கு அடியில் செருகியிருக்கிறது. புதிதில் சாயம் விடும், வெளிர் நிற பேன்ட்டும் வேட்டியும் அந்தப் பக்கம் வரவேண்டாம். ஸ்பிரிங் அவ்வப்போது கீச்சிடும், ஒரு சொட்டு எண்ணெய். தோலே வேண்டாம் என்பவர்களுக்கு அதே கம்பெனியின் கேம்பியம் சி17 ரப்பரும் துணியும் சேர்ந்தது, மழைக்கும் பயமில்லை. ஆனால் ஸ்பிரிங் கிடையாது, அகலமும் குறைவு. நிமிர்ந்து ஓட்டும் கனத்த ஆளுக்கு நான் சொல்லமாட்டேன்.

விலைதான் பெரிய குறை. சைக்கிள் விலையில் பாதியைத் தொட்டுவிடும். அவ்வளவு முடியாது என்றால் பால்காரர்கள் ஓட்டும் சைக்கிளில் இருக்கும் ஸ்பிரிங் சீட்டை, உள்ளூர்க் கடையில் நூறுகளில் வாங்கலாம். ரெக்சின் மேலுறைதான், கொஞ்ச காலத்தில் கிழியும். அடிச்சட்டம் அசையாது. ஜெல் சீட்டைவிட ஆயிரம் மடங்கு தேவலாம். மிச்சப் பணத்தை இரண்டு போல்ட் பில்லரிலும், பின்சக்கரத்தில் 36 கம்பி உள்ள ரிம்மிலும், 40 மி.மீ. அகல டயரிலும் போடுங்கள். புதுப் பில்லர் மாட்டி முதல் நூறு கிலோமீட்டருக்குள் அந்த இரண்டு போல்ட்டையும் ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள், அது கட்டாயம் கொஞ்சம் தளரும்.