தண்ணீர் பாட்டிலைப் பார்த்த ஆயா அக்கா

எங்கள் ஊர் பக்கத்து அரசு மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டில் அம்மாவோடு 16 நாள் இருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வயது 71. வைத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. நான் எழுத வந்தது அங்கே கிடைத்த இன்னோர் உதவியைப் பற்றி.

மருத்துவச் சமூகப் பணியாளர் என்று எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்த ஒரு மேடம் இருக்கிறார். அத்தனை வார்டுக்கும் அவர் ஒருவர்தான். எங்கள் கட்டிலுக்கு அவர் வந்தது நான்காம் நாள். அவரைக் கூட்டி வந்தது வார்டு ஆயா அக்கா.

முந்தைய நாள் காலை தரை துடைக்கும்போது அக்கா கேட்டார்: "ஏம்மா, நேத்து வச்ச தண்ணி அப்படியே இருக்கே?" அம்மா வாய் திறக்கவில்லை. நான் இட்லி வாங்கப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பெட்பேன் வைக்க ராத்திரியில் என்னை எழுப்ப வேண்டுமே என்று, பொழுது சாய்ந்ததுமே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாளாம். கட்டிலுக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்திருந்த எனக்கு இது தெரியவில்லை. அக்கா நர்ஸிடம் சொன்னார். ராத்திரி ஆயாவிடமும் சொல்லி வைத்தார்.

அதே பேச்சில், அண்ணன் வட்டிக்குப் பணம் புரட்டப் போகிறான் என்பதையும் அம்மா சொல்லி அழுதிருக்கிறாள். ஆபரேஷன் இலவசம்தான். உள்ளே வைக்கும் பிளேட்டுக்குக் காப்பீட்டு அட்டை கேட்டிருந்தார்கள், எங்களிடம் இல்லை. அக்கா நேரே மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும் என்று மேடம் விளக்கினார். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் போகச் சொன்னார். அண்ணன் ஓடியாடி முடித்தான். கடன் வாங்கவில்லை.

விவரம் மேடத்துக்குத்தான் தெரியும், அதை ஆயாவிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று கட்டிலோரம் நிற்பவர்களிடம்தான் வாய்விட்டுச் சொல்கிறோம். மேடத்தின் நாற்காலி எதிரே உட்கார்ந்திருந்தால் அம்மா பெட்பேன் விஷயத்தைச் சொல்லியே இருக்க மாட்டாள்.

எல்லோரும் அந்த அக்கா மாதிரி இல்லை. எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள ஒருவர் 100 ரூபாய் கேட்டார். கொடுத்தோம். வலியில் கிடப்பவரை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. இதை நிர்வாகம் கட்டாயம் நிறுத்த வேண்டும். ஆயாக்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வாரம் ஒருமுறை மேடம் அவர்களை உட்கார வைத்து, வார்டில் கண்டதைக் கேட்டால் போதும், எத்தனையோ குடும்பம் கடனில் விழாது. அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

அங்கே யாரையாவது சேர்ப்பவர்கள் ரேஷன் கார்டும் ஆதாரும் அசலாகவே எடுத்துப் போங்கள். பெரியவர்கள் என்றால், ராத்திரி ஷிப்ட் மாறும்போது ஆயாவிடம் நோயாளியின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தி வையுங்கள்.